ஆடிப் பார்த்தபின் சொல்வோம்

2005-இல் நின்டெண்டோ, ‘ரெவல்யூஷன்’ என்ற சங்கேதப் பெயர் கொண்ட தன் அடுத்த கேம் கருவியைக் காட்டியது. கன்ட்ரோலரை மட்டும் காட்டவில்லை. ரசிகர்களின் கற்பனைக்கு அதுவே போதும். தலையில் மாட்டும் திரை வரை ஊகங்கள் பறந்தன.

செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோவில் நிறுவனத் தலைவர் சடோரு இவாடா காட்டியதோ, டிவி ரிமோட் போன்ற ஒரு கைக்கருவி. ‘இவ்வளவுதானா?’ என்றவர்கள் உண்டு. ஆனால் அந்த கேம் கருவி 2006-இல் ‘வீ’ என்ற பெயரில் வெளிவந்து 10 கோடிக்கு மேல் விற்றது; கேம் பக்கமே வராத தாத்தா பாட்டிகளையும் ஆட வைத்தது.

ஆவலோடு காத்திருப்பது இனிமையே. ஆனால், நாம் கற்பனை செய்தபடி இல்லை என்பதற்காக எதையும் ஒதுக்கிவிடாதீர்கள். கையில் எடுத்து ஆடிப் பாருங்கள்; தீர்ப்பை அதன்பின் சொல்லுங்கள்.