மட்கும் என்ற வினை

'மட்கும்' என்பது செய்யும் என்னும் வாய்பாட்டில் அமைந்த வினைமுற்று. பொருளின் இயல்பையும் இனி நடக்கப்போவதையும் ஒருசேரச் சொல்லும் வடிவம் இது: காய் பழுக்கும், இலை உதிரும். ஆங்கிலத்தில் 'கம்போஸ்டபிள்' என்கிறபோது அதில் ஒரு 'கூடும்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழுக்கு வருகையில் அந்தக் 'கூடும்' கழன்றுவிட்டது. மட்கக்கூடியது, மட்கும் ஆகிவிட்டது, சாத்தியம் வாக்குறுதியாகிவிட்டது. நகராட்சியின் பச்சைத் தொட்டியில் அதே சொல் பெயரெச்சமாக நிற்கிறது: மக்கும் குப்பை. (மக்கு என்றால் அறிவு மழுங்கியவன் என்றும் பொருள் உண்டு என்பதை இங்கே விட்டுவிடலாம்.) இந்தச் சொல்லுக்கு எழுவாய் பொருள் மட்டுமே, மனிதன் இல்லை. யார் மட்கவைப்பது என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. விடுபட்டுப்போன அந்த எழுவாயில்தான் இந்த விஷயத்தின் ஒழுக்கப் பிரச்னை முழுவதும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

சோளத்திலிருந்தோ கரும்பிலிருந்தோ கிடைக்கும் பாலி லாக்டிக் அமிலத்தில் செய்த கோப்பையை எடுத்துக்கொள்வோம். கண்ணாடிபோல் இருக்கும். ஐரோப்பாவின் இ.என். 13432 என்ற தரவரையறை அதனிடம் இரண்டு காரியங்களைக் கேட்கிறது. ஆறு மாதத்துக்குள் அதன் கரிமத்தில் 90 சதம் கரியமில வாயுவாக வேண்டும். 12 வாரத்தில் 2 மில்லிமீட்டர் சல்லடையில் தங்குவது பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. இதெல்லாம் 58 டிகிரி சூட்டை ஒட்டி, பரிசோதனைச்சாலையில் அல்லது பெரிய உரக்கூடத்தில் நடப்பது. மொட்டைமாடித் தொட்டியில் ஒரு குடும்பத்தின் காய்கறித்தோல் அந்தச் சூட்டை எட்டினாலும் தக்கவைப்பது அரிது. சிறிய குவியல் தன் வெப்பத்தைச் சீக்கிரம் இழந்துவிடும். அங்கே தோல் உரமாகும், கோப்பை கோப்பையாகவே கிடக்கும். குப்பைமேட்டின் உள்ளேயோ காற்றே இல்லை. சோறு அங்கே மீதேனாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பம் பிடிக்கும் வாயு அது. கோப்பைக்கு அங்கே அநேகமாக ஒன்றும் ஆவதில்லை. ஆக, மட்குதல் பொருளின் குணம் அல்ல. பொருள், ஈரம், காற்று, சூடு, நுண்ணுயிர், இவற்றைக் கூட்டிவைக்கிற ஓர் ஆள், இத்தனைக்கும் இடையில் ஏற்படுகிற உறவு அது.

சட்டம் குணத்தையே பார்க்கிறது. 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் பண்டங்கள் சிலவற்றை மத்திய அரசு தடைசெய்தபோது, மட்கும் பிளாஸ்டிக்கில் செய்தவற்றுக்கு விலக்கு கிடைத்தது. விலக்குக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் பேசுவது பொருளைப் பற்றி.

வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு இந்த ஏற்பாடு பழக்கமானதுதான். ஒரு பதிவுக்கு எதிர்ப்பதிவு கிடைக்காதபோது சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவைப்போம். நாள் டாலி ஆகிவிடும், வீட்டுக்குப் போகலாம். பதிவு மட்டும் அங்கேயே கிடக்கும், யாராவது என்றைக்காவது தேடித் தீர்க்கும்வரை. மட்கும் கோப்பையில் தேநீர் குடித்துக் கூடையில் எறிகிறவனின் மனசாட்சியும் இப்படித்தான் டாலி ஆகிறது. வியாபாரத்தில் இது இன்னும் பெரிய தொகை. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்குமேல் கழிவு சேர்க்கும் இடங்களைத் தனி இனமாகவே பிரித்தன. முகூர்த்த நாளில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு 100 கிலோ ஒரு பந்தியின் கணக்கு.

அந்தப் பந்தியின் வாழை இலையைக் காட்டி, நாம் இதை என்றைக்கோ செய்தோமே என்று சொல்கிறவர்கள் உண்டு. இலை மட்கும், சந்தேகமில்லை. 58 டிகிரி கேட்காமலே மட்கும். ஆனால் சாப்பிட்டு எழுந்த கணத்தில் அது எச்சில் இலை. வேதியியலில் ஒன்றும் மாறவில்லை. அதைத் தொடத்தக்க கை மாறிவிட்டது. மேரி டக்ளஸ் 1966-ல் வெளிவந்த தம் நூலில் அழுக்கை ஒழுங்கமைப்பின் விளைவாகப் பார்த்தார்; இடம் தவறிக் கிடப்பதே அழுக்கு. நம் ஊரில் இடத்தோடு ஆளும் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. மரபு மரபு என்று பூரிக்கிறவர்கள், இலையை எடுத்தவர் யார், எருக்குழிக்குச் சுமந்தவர் யார் என்றும் சேர்த்துச் சொல்லட்டும்.

உரமாக்கலின் நவீன வரலாற்றிலும் இந்தக் கை இருக்கிறது. ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தோரில் இருந்து வகுத்த முறையில் தழை, சாணம், மண், சாம்பல் எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டு நீர் தெளித்து, மூன்று மாதத்தில் மூன்று முறை புரட்ட வேண்டும். 1939-ல் பெங்களூரில் சி. என். ஆச்சார்யா உருவாக்கிய முறையில் புரட்டும் வேலை இல்லை: நகரக் குப்பையையும் மலத்தையும் குழியில் மாறிமாறி அடுக்கி மண்ணால் மூடிவிடலாம். விஞ்ஞானமாகப் பார்த்தால் அழகான சிக்கனம். மலத்தை அந்தக் குழிவரை கொண்டுவந்தது யார்? மனித மலத்தைக் கையால் அள்ளவைப்பதைத் தடுக்க மத்தியச் சட்டம் 1993-ல்தான் வந்தது; 2013-ல் இன்னொன்று தேவைப்பட்டது.

அப்படியானால் அவரவர் குப்பையை அவரவரே கிளறுவதுதான் ஒழுக்கமா? எனக்கு இதில் தயக்கம் உண்டு. தன் கையால் செய்ததே சுத்தம் என்ற எண்ணம் இன்னொரு மடி ஆசாரமாகிவிடும். தவிர, சரியாகப் பார்க்காத தொட்டி நாறும். கரிமம் தழைச்சத்தைப்போல் 25, 30 மடங்கு இருக்க வேண்டும்; காய்ந்த சருகோ மரத்தூளோ சேர்க்காமல் சமையலறைக் கழிவை மட்டும் கொட்டினால் ஈரம் மிஞ்சி, காற்றுப் போகாமல், மேட்டில் நடப்பதே மாடியிலும் நடக்கும். நன்றாக நடக்கிற ஒரு நகராட்சி உரக்கூடம் இதைவிட எவ்வளவோ மேல். வேலையை இன்னொரு கைக்குக் கொடுப்பது தவறல்ல. சரியான சம்பளத்தோடும் கையுறையோடும் மரியாதையோடும் செய்தால் அது ஒரு தொழில். கை இருக்கிறது என்பதையே சொல்லிலிருந்து அழித்துவிடுவதைத்தான் சகிக்க முடியவில்லை. வீட்டில் தொட்டி வைத்திருப்பவனுக்கு உரத்தைவிட முக்கியமாக ஒன்று கிடைக்கிறது: நேற்றைய குழம்பு மூன்றாம் நாள் எப்படி இருக்கும் என்ற அறிவு. புழு நெளியும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை கிளறியவன், ஊசிப்போன சோற்றைப் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப்போட்டு வண்டியில் வீசத் தயங்குவான், அந்த முடிச்சை யாரோ அவிழ்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிவதால்.

பிரிப்பதில்தான் புதிய கோப்பை பழைய வேலையைக் கூட்டுகிறது. பாலி லாக்டிக் கோப்பையும் பெட் கோப்பையும் பார்வைக்கு ஒன்று. பெட் மறுசுழற்சியில் முன்னது கலந்தால் சரக்கு கெடும். உரக்கூடத்தில் பின்னது கலந்தால் உரம் கெடும். அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தால் தெரியும்; அதுவும் ஆங்கிலத்தில். சாம்பாரும் தயிரும் வழியும் குவியலின்முன் குனிந்து நிற்கும் பெண்ணுக்கு ஒவ்வொன்றையும் துடைத்துத் திருப்பிப் பார்க்க நேரமில்லை. இரண்டையும் ஒரே பக்கம் ஒதுக்கிவிட்டு அடுத்த மூட்டையை அவிழ்க்கிறார்.