மூல வண்ணம் எது?

பழமையைக் காப்பது நற்செயல் என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடு இராது. ஆனால், பழமையைக் காக்கிறேன் என்று சொல்லி ஒருவர் நம்முன் நிறுத்துவது உண்மையான பழமைதானா, அவர் மனம் விரும்பிய ஒரு தோற்றமா என்ற வினா எளிதில் தீர்வதன்று. இதனை ஆராயக் கோட்டைகளையும் கல்வெட்டுகளையும் தேடிப் போக வேண்டியதில்லை. துருவேறிக் கிடந்த ஒரு பழைய லாரியே போதும். எஞ்சினைச் சீர்செய்து, மரப்பலகைகளை மாற்றி, அதனை ஓடவைத்துவிட்ட ஒருவர் இறுதியில் ஒரு கேள்வியின்முன் நிற்கிறார்: இதற்குரிய மூல வண்ணம் எது?

கடியப்பட்டணம் போன்ற கடலோர ஊரில் வாழ்வோர்க்கு வண்ணப்பூச்சு வெறும் அலங்காரமன்று. உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். பூச்சுதான் அதற்குக் கவசம். முட்டத்தின் பெயரால் வழங்கும் கலங்கரை விளக்கம் நிற்பதும் இவ்வூர்க் கரையில்தான். இரவில் ஒளியைப் போலவே, பகலில் கோபுரத்தின் வடிவும் நிறமும் கடலில் செல்வோர்க்கு அடையாளம். அத்தகைய கோபுரத்திற்கு எத்தனை முறை புதிதாக வண்ணம் பூசினாலும் அதனைப் போலி என்பார் எவருமில்லை. பூச்சு புதிது, ஆனால் அது மாலுமிக்குச் சொல்லும் செய்தி மெய்யானது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு லாரியைப் பார்ப்போம். புதிதாகப் பூசப்பெறும் வண்ணம், பார்ப்பவனிடம் என்ன சொல்கிறது? அது சொல்வது உண்மையா?

மூல வண்ணத்தைத் தேடுவோர் கையாளும் வழிகள் சில உண்டு. வெயிலும் மழையும் எட்டாத இடங்களை முதலில் பார்ப்பார்கள். எஞ்சின் எண் தகட்டின் பின்புறம், டேஷ்போர்டின் உட்பக்கம், கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரப்பருக்கு அடியில் என்று மறைவிடங்களில் பழைய பூச்சு பிழைத்திருக்கக்கூடும். பிறகு ஓரிடத்தில் நுண்ணிய உப்புத்தாளால் நீர்விட்டு மெல்லத் தேய்ப்பார்கள். மரத்தின் வளையங்களைப் போல ஒன்றினுள் ஒன்றாகப் பூச்சுகள் வெளிப்படும். வெளிவளையம் கடைசியாகப் பூசியது. உட்செல்லச் செல்லக் காலம் பின்னோக்கிப் போகும். எல்லாவற்றுக்கும் அடியில் தெரியும் செம்பழுப்பு பெரும்பாலும் ரெட் ஆக்சைடு அடிப்பூச்சு. அதை மூல வண்ணம் என்று கருதிவிடலாகாது.

இவ்வாறு கண்டெடுத்த நிறமும் முழுச் சான்றாகாது. சிவப்பு வகைகள் பல, வெயிலில் வெளிறிவிடும். எண்ணெய் கலந்த பூச்சோ இருளில் நெடுநாள் இருந்தால் மஞ்சளிக்கும். மறைவிடத்தில் பாதுகாப்பாய் இருந்தது என்று நாம் மகிழும் அதே நிறம், அம்மறைவினாலேயே மாறியிருக்கக்கூடும். கம்பெனிகள் அன்று வெளியிட்ட வண்ண அட்டைகளும் காலத்தால் நிறம் மாறுபவையே. இரண்டு பூச்சுகள் பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தோன்றி, விளக்கொளியில் வேறுபட்டு நிற்பதும் உண்டு.

ஒரே மாடலுக்கு ஒரே நிறம் என்பதும் பொருந்தாது. ஃபோர்டு கம்பெனியின் ‘டி’ மாடல் வண்டி என்றாலே கறுப்பு என்பது பலரது எண்ணம். ஆயினும் 1908-ல் வெளிவந்த அவ்வண்டி தொடக்க ஆண்டுகளில் வேறு நிறங்களில் விற்கப்பட்டது. கறுப்பு மட்டும் என்ற நிலை 1914-ல்தான் வந்தது. ஆகவே எந்த மாடல் என்பதோடு எந்த ஆண்டு என்பதையும் கேட்டாக வேண்டும்.

நம் நாட்டு லாரிக்கு வரும்போது வினா மேலும் ஆழமாகிறது. 1954-ல் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. அக்கூட்டு 1969-ல் முடிவுற்றது. அந்நாளைய லாரி ஒன்றை வைத்திருப்பவர் ஜெர்மானிய வண்ண அட்டையைத் தேடுவது இயல்பே. ஆனால் நம் நாட்டில் லாரிகள் பெரும்பாலும் சேஸிஸாகவே விற்பனையாயின. பாடி கட்டியது உள்ளூர்ப் பட்டறை. நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரங்கள் இத்தொழிலால் பெயர் பெற்றவை. இம்முறை நமக்குப் புதிதுமன்று. இவ்வட்டாரம் திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த 1938-ல் அரசுப் பேருந்துத் துறை தொடங்கியபோதும், சேஸிஸ் இங்கிலாந்திலிருந்து வந்தது. பாடியைத் துறையின் தொழிலாளர்களே கட்டினார்கள்.

பட்டறையில் நின்று, உரிமையாளர் விரும்பியவாறு கலவையைக் கண்ணளவில் சேர்த்துப் பூசிய பெயிண்டரின் கைவண்ணமே அந்த லாரி சாலைக்கு வந்த நாளின் வண்ணம். அவர் பெயர் எந்த அட்டையிலும் இல்லை. அயல்நாட்டு அட்டையின் எண்ணைக் கொண்டு அந்த லாரி முழுவதையும் பூசி, “இதுவே மூலம்” என்று அறிவிப்பது அப்பெயிண்டரின் உழைப்பை வரலாற்றிலிருந்து துடைப்பதாகும். அழகான பொய்யும் பொய்தானே!

சட்டமும் இதில் குறுக்கிடுகிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், தேசியப் பெர்மிட் லாரிகளுக்கு உலர்ந்த இலையின் பழுப்பு நிறத்தையும் வெள்ளைக் கரையையும் வகுத்தன. 1960-களின் லாரி ஒன்று பிற்காலத்தில் இந்தப் பழுப்பைப் பூண்டு ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டிருந்தால், அப்பழுப்பு அதன் வாழ்வில் சேராததா? அதே விதிகள், பாதுகாப்புத் துறை வாகனங்களைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை பூசலாகாது என்கின்றன. ஜபல்பூரில் இராணுவத்துக்காகச் செய்யப்பட்ட சக்திமான் லாரியைத் தனியார் ஒருவர் வாங்கிப் புதுப்பித்தால், அதன் மூல நிறம் பச்சை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதைப் பூசிச் சாலையில் ஓட்டினால், காண்பவன் அதனை இராணுவ வாகனம் என்று நம்புவான். லாரியின் கடந்த காலத்துக்கு உண்மையான நிறம், இன்று எதிரே வருபவனிடம் பொய் சொல்கிறது. இங்கே மூலத்தை விட்டுக்கொடுப்பதே நேர்மை.

உயிரின் பொருட்டும் விட்டுக்கொடுக்க வேண்டியதுண்டு. பழைய மஞ்சள் பூச்சுகள் பலவற்றில் ஈயக் குரோமேட் இருந்தது. அதை உலரத் தேய்க்கும் தூசி தொழிலாளியின் மூச்சில் கலக்கும். அவர் உடையில் ஒட்டி வீடு சென்று குழந்தைகளையும் தொடும். நிறம் அச்சாக அமைய வேண்டும் என்பதற்காக அந்நஞ்சை மீண்டும் கலக்கச் சொல்லும் உரிமை எந்தக் கலையார்வத்துக்கும் இல்லை. ஈயமில்லாத கலவையில் நிறம் சற்று விலகினால் விலகட்டும்.

அப்படியானால் மூல வண்ணத்தைத் தேடுவதே வீண் வேலையா? அன்று. நமக்கு முன் இருந்தவர்களின் சுவடு நம்மிடம் வந்த அமானிதம். அதனைத் தேடி அறிவது கடமை. தேடியவர் தாம் கண்டதைக் கண்டவாறு சொல்ல வேண்டும், அவ்வளவே. எந்த ஆண்டின் தோற்றத்தைத் தேர்ந்தெடுத்தோம், எவற்றைச் சான்றால் அறிந்தோம், எவற்றை ஊகித்தோம் என்று எழுதி வைக்கலாம். வளையங்கள் தெரியும்படி தேய்த்த ஒரு சிறு பகுதியைப் பூசாமலே விட்டுவைக்கலாம். பின்னால் வருபவர் நம்மைவிட நன்கு அறிய அது உதவும். விற்க நேர்ந்தால், புதுப்பூச்சைப் பழைய பூச்சென்று சொல்லிக் கூடுதல் விலை பெறாதிருக்க வேண்டும். வாங்குபவன் கண்ணுக்குத் தெரியாததை அவனுக்குச் சொல்லிவிடுவதே வாணிகத்தின் ஒழுக்கம்.

இறந்த காலம் முழுமையாக நம் கைக்கு வருவதில்லை. வந்த அளவைச் சொல்லும் நேர்மை நம் கையில் இருக்கிறது. அந்நேர்மையோடு பூசப்பெற்ற லாரி, நிறம் ஓரிழை விலகி நின்றாலும், உண்மையையே சுமந்து செல்லும்.