மலையைப் பார்த்து ஓடுகிறேன், மகாலிங்கமே

வ. புதுப்பட்டியில் பிறந்த பிள்ளைக்குத் திசை சொல்லித்தர வேண்டியதில்லை. மலை இருக்கிற பக்கம் மேற்கு. வாசலில் நின்றாலும், வத்தல் காயப்போட மாடி ஏறினாலும், வயலில் குனிந்து நிமிர்ந்தாலும் முதலில் கண்ணில் படுவது அந்த நீல மலைதான். அதற்குள் ஓரிடத்தில் சுந்தர மகாலிங்கம் சற்றே தலைசாய்த்து வீற்றிருக்கிறார் என்று தெரிந்த பிறகு, அந்தப் பக்கம் பாராமல் எப்படி இருப்பது? நான் பார்ப்பதோடு நிற்கவில்லை, ஓடுகிறேன். தெருவில் வாசல் தெளிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கும் நேரத்தில் திருநீறு பூசிக்கொண்டு மலையைப் பார்த்து ஓடுகிறேன். எனக்கு அதுதான் காலைப் பூசை.

ஊர் முடிகிற இடத்தில் தென்னந்தோப்புகள் தொடங்கும். அங்கே விடிவதற்கு இன்னும் நேரம் இருக்கும். எங்கோ ஒரு பம்புசெட்டு ஓடிக்கொண்டிருக்கும். வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் மட்டும் கூடவே வரும். தோப்பைத் தாண்டிக் கம்மாய்க்கரையில் ஏறியதும் எல்லாம் மாறிவிடும். தார்ச்சாலையில் டப் டப்பென்று அடித்துக்கொண்டிருந்த கால், கரை மண்ணில் சத்தமில்லாமல் இறங்கும். ஒரு பக்கம் கம்மாய் நிறையத் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் நெல். கரை நெடுக நிற்கும் பனைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வந்து பாருங்கள். தண்ணீரின் மேல் முழங்கால் உயரத்துக்கு மூடுபனி நிற்கும். அதற்குள்ளிருந்து ஒரு முக்குளிப்பான் தலையை நீட்டி, நம் காலடி கேட்டதும் உள்ளே போய்விடும். அது எங்கே எழும்பும் என்று பார்த்துக்கொண்டே ஓடுவேன். நான் நினைத்த இடத்தில் அது ஒருநாளும் எழும்பியதில்லை.

மேற்கு நோக்கி ஓடுவதில் ஒரு பாக்கியம் இருக்கிறது. சூரியன் முதுகுக்குப் பின்னால் உதிக்கும்; அதன் வெளிச்சத்தை நாம் மலையில்தான் பார்ப்போம். முதலில் உச்சிப் பாறை மட்டும் சிவக்கும். கீழே காடு முழுக்க இருள். பிறகு அந்தச் சிவப்பு மெல்ல மெல்ல இறங்கும். பாறையிலிருந்து புல்வெளிக்கு, புல்வெளியிலிருந்து சோலைக்கு, சோலையிலிருந்து அடிவாரத்துக்கு. மேலேயிருந்து வெளிச்சம் இறங்கி வருகிறது, கீழேயிருந்து நான் ஓடிப் போகிறேன். ஐயனே, உனக்கு நடக்கும் முதல் அபிஷேகம் இதுதான். பாலுக்கும் பன்னீருக்கும் முன்னால் சூரியன் வந்து உன் தலையில் பொன்னை ஊற்றிவிட்டுப் போகிறான். அதைப் பார்க்கும் நாளிலெல்லாம் என் கண் நிறைந்துவிடுகிறது. கண்ணீரும் வியர்வையும் ஒரே கோடாக இறங்கும்போது எது எது என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டும் உனக்குத்தான்.

இந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று யோசித்தாலே போதும், உடம்பு சிலிர்க்கும். மலைத்தொடரின் தலையில் விழுந்த மழைதான் ஓடையாகி, பெரியாறாகவும் கோவிலாறாகவும் இறங்கிப் பிளவக்கல் அணைகளில் தேங்குகிறது. அங்கேயிருந்து வாய்க்கால் வழியாகக் கம்மாய்களுக்கு வருகிறது. ஒரு கம்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த கம்மாய்க்குப் போகிறது. கூமாப்பட்டி, கான்சாபுரம், வத்திராயிருப்பு, எங்கள் புதுப்பட்டி என்று வயல்களையெல்லாம் நனைத்துவிட்டு, மிஞ்சியது அர்ச்சுனா நதியாகி வைப்பாற்றோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது. சிவன் தலையில் கங்கை என்று புராணம் சொல்கிறது. எங்களுக்கு அது கண்ணெதிரே நடக்கிற காரியம். கம்மாய்க்கரையில் ஓடும்போது என் இடப்பக்கம் அலையடிப்பது மகாலிங்கம் குடியிருக்கும் மலையின் தீர்த்தம். வலப்பக்கம் கதிர் பிடித்து நிற்பது அவர் பிரசாதம். இதற்கு நடுவில் ஓட இடம் கிடைத்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

ஒருநாள் மகாராஜபுரத்துக்கு முன்னால், களை எடுக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டி என்னை நிறுத்தினார். "ஏய்யா, மகாலிங்கத்தப் பாக்கவா இம்புட்டு ஓட்டம்?" என்றார். ஆமா ஆத்தா என்றேன். "ஓடு, ஓடு. காலு இருக்கையில ஓடிரணும். எனக்குத்தான் இப்ப இங்கனயிருந்தே கும்பிட வேண்டியதா இருக்கு. போறப்ப எனக்கும் சேத்துக் கும்புட்டுருய்யா" என்று சொல்லி, தலைச்சும்மாட்டை இறக்கி மலையைப் பார்த்துக் கையெடுத்தார். அன்றிலிருந்து என் ஓட்டத்தில் அந்தப் பாட்டியின் காலும் சேர்ந்துவிட்டது. மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் அந்தக் கைகள் நினைவுக்கு வருகின்றன. யாரோ ஒருவர் கும்பிட முடியாத கும்பிடைச் சுமந்துகொண்டு போகிறோம் என்ற நினைப்பு இருந்தால் கால் தளராது.

மார்கழியில் இந்தப் பாதைக்கு இன்னொரு மகிமை. எங்கள் பக்கம் ஆண்டாள் நாச்சியாரின் சீமை. விடியுமுன் எழுந்து, பனியில் நடுங்கிக்கொண்டு, தோழியரை ஒவ்வொரு வாசலாகப் போய் எழுப்பிய பெண்பிள்ளை பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர் இதோ பக்கத்தில் இருக்கிறது. அவள் பாடிய முப்பது பாசுரங்களும் ஊருக்கு ஊர் கோயில் ஒலிபெருக்கியில் கேட்கும். ஒரு ஊரின் பாட்டு தேய்ந்து மறையும் இடத்தில் அடுத்த ஊரின் பாட்டு பிடித்துக்கொள்ளும், நடுவில் வயல்வெளி. சிவனைப் பார்க்க ஓடுகிறவனை நாச்சியார் எழுப்பி அனுப்புகிறாள். அவள் சூடிக் களைந்த மாலை இன்றும் புரட்டாசியில் திருமலைக்குப் போகிறது. சித்திரையில் மதுரைக்குப் போய் அழகர் தோளில் ஏறுகிறது. அந்த மாலை புறப்படும் மண்ணில், நான் என் மூச்சையும் வியர்வையையும் கட்டி மலைக்கு எடுத்துப் போகிறேன். அவளைப் போல நானும் முதலில் சூடிக்கொண்டுதான் கொடுக்கிறேன். ஓட்டத்தின் ஆனந்தம் முதலில் என் உடம்புக்கு, பிறகு அவருக்கு.

ஓடியே சாமி கும்பிடுவது நம் மரபுக்குப் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் மகாசிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் நடக்கிறது. முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று பன்னிரண்டு சிவாலயங்களைத் தொட்டுத் திருநட்டாலத்தில் முடியும் ஓட்டம் அது. கையில் பனையோலை விசிறி, இடுப்பில் சிறு பை. ரப்பர் தோட்டங்கள், குளக்கரைகள், திற்பரப்பில் அருவி கொட்டும் கோதையாற்றங்கரை என்று போகும் வழியெல்லாம் பச்சை. சிவன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் வாயில் வருவதோ "கோவிந்தா, கோபாலா". திருமாலின் பெயரைக் கேட்கவே பொறுக்காத சிவபக்தன் புருஷாமிருகம் துரத்த, கண்ணன் கொடுத்த பன்னிரண்டு ருத்திராட்சத்தோடு பீமன் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடினான். அவன் ருத்திராட்சம் போட்ட இடத்திலெல்லாம் லிங்கம் எழுந்தது என்பது கதை. கடைசியில் திருநட்டாலத்தில் சிவனும் திருமாலும் சங்கரநாராயணராக ஒன்றாகி நிற்கிறார்கள். இரண்டு சாமியும் ஒன்று என்பதைப் பீமன் ஓடி ஓடித்தான் கண்டுகொண்டான். என் புத்திக்கும் அது ஏட்டைப் படித்து எட்டவில்லை, காலால்தான் எட்டியது.

பாதையின் மேல் பித்துக்கொள்வது நமக்கு மட்டும் உரியதல்ல. பிரான்சில் ஃபோன்டென்புளோ என்றொரு காடு இருக்கிறது. நெப்போலியனின் படையில் இருந்த தெனெகூர் என்பவர் அந்தக் காட்டின் மேல் பித்துப்பிடித்து, 1842-இல் பாறைகளிலும் மரங்களிலும் நீல வண்ணத்தில் குறியிட்டு நடைபாதைகளை உண்டாக்கினார். காட்டுப் பாதைகளுக்குக் குறியிட்டு வழிகாட்டும் வழக்கம் அவரிடமிருந்துதான் உலகுக்குப் பரவியது என்பார்கள். இன்றும் அந்தக் காட்டுப் பாதைகளில் மக்கள் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள். அதை அறிந்தபோது அந்த மனிதரை மனசுக்குள் கும்பிட்டேன். எங்கள் மலையில் வண்ணக் குறி தேவைப்படவில்லை. வழுக்குப்பாறை, காராம்பசுத் தடம், கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், நாவல் ஊற்று, பிலாவடி கருப்பசாமி என்று ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பெயர் நின்று வழி சொல்கிறது. முன்னால் போனவர் பின்னால் வருகிறவருக்குச் சொல்லிச் சொல்லி வந்த பெயர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விடலாம்.

மலையடிவாரத்தில் இருக்கும் தாணிப்பாறையில் என் ஓட்டம் முடிந்துவிடும். அதற்கு மேல் ஓடக் கூடாது என்பது என் உறுதி. அங்கே கருப்பசாமியிடம் உத்தரவு கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வனத்துறை அனுமதிக்கிற நாளில் அனுமதிக்கிற நேரத்தில் நடந்துதான் ஏற வேண்டும். இது 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கென்று சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. யானையும் சிறுத்தையும் கரடியும் நடமாடும் வீட்டில் விருந்தாளி தடதடவென்று ஓடலாமா? ஓடைகளும் லேசுப்பட்டவை அல்ல. 2015 மே மாதம் மேலே பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கியதில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். கட்டுப்பாடுகள் எதற்கு என்று கேட்பவர்கள் அதை மறந்துவிடக் கூடாது. அனுமதி இல்லாத நாளில் நான் தாணிப்பாறையில் நின்று மேலே பார்த்துக் கும்பிட்டுத் திரும்பிவிடுகிறேன். அதிலும் குறையொன்றும் தெரியவில்லை.

ஏறுகிற நாளிலோ, ஓடி வந்த உடம்பு வேறாக இருக்கிறது. ரத்தம் சூடாக, மூச்சு ஆழமாக, காது கூர்மையாக. மேலே மரக்கொப்பில் நீண்ட வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு மலை அணில் காயைத் திருப்பித் திருப்பிக் கடிக்கும். கடித்துத் துப்பிய தோல் என் முன்னால் பாறையில் விழும். இரண்டு கையாலும் காயைப் பிடித்து, இடையிடையே நிறுத்தி என்னைப் பார்த்து, மறுபடி கடிக்கும். பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன். கூட வருகிறவர்கள் நமசிவாய சொல்லிக்கொண்டு கடந்து போவார்கள். இந்த அணிற்பிள்ளையும் உன் அடியார்தானே, மகாலிங்கமே? எனக்கு முன்னால் வந்து, எனக்கு மேலே உட்கார்ந்திருக்கிறானே!

சந்நிதியில் அவர் சாய்ந்துதான் இருக்கிறார். பச்சைமால் என்ற இடையர் வீட்டு மாடு வழியில் பால் சொரிந்துவிட்டு வந்ததாம். பின்தொடர்ந்து போய்ப் பார்த்தால் ஒரு சாமியார் மடியிலிருந்தே குடிக்கிறார். கோபத்தில் கம்பால் அடித்துவிட்டார் பச்சைமால். அடி வாங்கியவர் சிவன். சபிக்கவில்லை. அடித்தவனையே ஆட்கொண்டு, அந்தச் சாய்வோடு லிங்கமாக அமர்ந்துவிட்டார் என்று தலவரலாறு சொல்லும். அந்தச் சாய்ந்த திருமேனியின் முன்னால் நிற்கும்போது காலில் ஓட்டத்தின் துடிப்பு இன்னும் அடங்கியிருக்காது. தொடைச் சதை தானாக நடுங்கும். கற்பூர ஒளியில் அவர் என் பக்கம் குனிந்து கேட்பதாகத் தோன்றும். கேட்க வந்ததெல்லாம் மறந்துபோகும். பாட்டியின் கும்பிடு மட்டும் ஞாபகம் வரும். அதைச் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு எனக்கு வாய் இல்லை, நெஞ்சு முழுக்க அவர். ஐயனே, இந்தக் கால்களை நீ கொடுத்தாய், இந்தக் கரையை நீ கொடுத்தாய், இந்தக் காலையை நீ கொடுத்தாய். எதைத் திருப்பிக் கொடுப்பேன்? ஓடத்தான் தெரியும், ஓடுகிறேன்.

வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் வருகிறீர்கள். வாருங்கள், மலை எல்லோருக்கும் உரியது. ஓட முடிந்தவர்கள் வத்திராயிருப்பிலோ எங்கள் ஊரிலோ வண்டியை விட்டுவிட்டு, கம்மாய்க்கரையிலும் வயலோரத்திலும் கொஞ்ச தூரமாவது ஓடி வாருங்கள். முடியாதவர்கள் நடந்து வாருங்கள். கரையில் எதிரே மாடு வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள், மடையருகே ஆள் வேலை செய்தால் நின்று போங்கள். குளித்த துணியை ஓடையில் விடாதீர்கள். பாலிதீன் பை, தண்ணீர் பாட்டில், சாம்பு உறை ஒன்றுகூட மலையில் தங்க வேண்டாம். ஓடையில் நீங்கள் விடுவது எங்கள் கம்மாய்க்குத்தான் வருகிறது. அந்தத் தண்ணீரில் விளைந்த அரிசியில்தான் மகாலிங்கத்துக்குப் பொங்கல் வைக்கிறோம்.