யாரிடம் கேட்பது?

எம்.ஏ. தமிழ் படிக்கும்போதே பொதிகை ஏறணும்னு ஆசை. தமிழ் தந்த முனிவன் இருக்கிற மலையாம். முனிவனை நான் நம்பலை; ஆசை மலைமேலதான். அகத்தியர்கூடம், 1868 மீட்டர். கேரளப் பக்கம் போணக்காட்டிலிருந்து ஏறி இறங்க மூன்று நாள் நடை. பொம்பளைக்கு அனுமதி கிடையாதுன்னு வச்சிருந்தாங்க. 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2019 ஜனவரியில் தன்யா சனல் ஏறிவிட்டார்.

நானும் இரண்டு தரம் முயன்றேன். ஒரு தரம் இடம் தீர்ந்துபோச்சுன்னாங்க. மறுதரம் அனுமதி வந்தது, அம்மா படுத்துட்டாங்க. இந்த வருசமும் எழுதிப் போட்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. பெண்கள் ஏறக்கூடாது, அது எங்க சாமி மலை என்று 2019இல் போணக்காட்டில் எதிர்த்தவர்கள் காணிமக்கள். கோயில் கதவைச் சாத்தியவனிடம் எப்படிப் பேசணும்னு நமக்குத் தெரியும். அவன் நம் தலைமேல் இருந்தவன். இவர்களோ சொந்தக் காட்டிலேயே அனுமதி கேட்டு நடக்க வைக்கப்பட்டவர்கள். பெண்ணுக்கு ஆகாது என்கிற சொல் யார் வாயில் வந்தாலும் அதே சொல்தானே என்கிறது ஒரு மனசு. கோர்ட்டுத் தாளைக் காட்டி அவங்க சாமிமேல ஏறி நிக்கப்போறியா என்கிறது இன்னொண்ணு.

அனுமதி வந்தால், முதலில் காணிக்குடியிருப்பில் போய் உட்கார்ந்து பேசணும். அங்கேயும் வேண்டாம்னு சொன்னா? இன்னும் எங்கிட்ட பதில் இல்லை. பழைய செருப்பை மட்டும் தைக்கக் கொடுத்திருக்கேன்.