தரை தொடும்வரை

சாம்பல் நிறப் பிளேஸ்டேஷன் மஞ்சள் பூத்துவிட்டது. முதலில் வந்த பெட்டிகளில் லென்ஸ் ஊர்ந்து போகும் தடம் பிளாஸ்டிக். சூட்டில் தேய்ந்து தேய்ந்து லென்ஸ் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பெட்டியைக் கவிழ்த்து வைத்தால் தட்டைப் படிக்கும். தோட்டத்துப் பையன்கள் எல்லாரும் அறிந்த வைத்தியம் அது. இன்றும் கவிழ்த்தேன். கொஞ்சம் முனகிவிட்டு ஓடத் தொடங்கியது.

டோனி ஹாக்ஸ் புரோ ஸ்கேட்டர் 2. நெவர்சாஃப்ட் நிறுவனம் 2000இல் உருவாக்கிய ஸ்கேட்போர்டு விளையாட்டு. கூலாய் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், சில வெள்ளிக்கு வாங்கிய தட்டு. தட்டின் மேல் அட்டைப்படம்கூட இல்லை, மை பேனாவில் எழுதிய பெயர்தான்.

ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம். எக்ஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தால் பலகைமேல் நிற்பவன் குனிவான், விட்டால் எழும்புவான். முக்கோணம் அழுத்தினால் கம்பியில் ஏறிச் சறுக்குவான். மேல், கீழ் என்று சட்டென்று தட்டினால் பின் சக்கரத்தில் மட்டும் உருண்டபடி அடுத்த கம்பிவரை போவான். இந்த இரண்டாம் பாகத்தில்தான் அந்த வித்தை வந்தது. அதன் பிறகு ஒரு வித்தையோடு இன்னொன்றைக் கோத்துக்கொண்டே போகலாம். எத்தனையோ வருடம் ஆகியும் கட்டைவிரல் எதையும் மறக்கவில்லை. மனம் யோசிப்பதற்குள் விரல் செய்துவிடுகிறது. அந்த இரண்டு நிமிடமும் எனக்குள் வேறு பேச்சே இல்லை.

கூலாய்ப் பக்கத்துச் செடெனாக் செம்பனைக் காட்டில் வளர்ந்தவனுக்கு இந்த விளையாட்டு ஏன் இவ்வளவு பிடித்தது? எங்களுக்குத் தரை இல்லை. குலை ஏற்றிய லாரி போய்ப் போய்ப் பள்ளம் விழுந்த செம்மண் பாதை, மழை பெய்தால் சேறு. சின்னச் சக்கரம் அதில் ஒரு சாண்கூட உருளாது. சிமெண்டு என்றால் லயத்து ஐந்தடியும் கோயில் வாசலும்தான். திரையிலோ மார்செய், நியூயார்க், பிலடெல்பியா. படி, பெஞ்சு, கைப்பிடிக் கம்பி, வாய்க்கால் விளிம்பு எல்லாமே வழி. அப்படிப் பார்க்கும் கண் ஒருமுறை வந்துவிட்டால் போகாது. கூலாய் கடைவீதியில் நடக்கும்போது இன்றும் படிக்கட்டின் சரிவை அளக்கிறேன்.

பின்னாளில் மாமல்லபுரத்துச் சிறுமி கமலி கவுன் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு ஸ்கேட்போர்டில் இறங்கும் படத்தை, இந்த விளையாட்டுக்குப் பெயர் தந்த ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக்கே பகிர்ந்தார். அவளைப் பற்றிய 'கமலி' குறும்படம் 2020 பாஃப்டா பரிந்துரைப் பட்டியல்வரை போனது. எங்களுக்கு இல்லாத தரை அவளுக்கு இருந்தது: மீனவர் குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சறுக்குத் தளம். அதுதான் தொடக்கம்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்கிறேன். திரையில் கடிகாரம் பூச்சியம் காட்டினாலும் டோனி ஹாக் ஆட்டம் உடனே அறுந்துவிடுவதில்லை. காற்றில் இருப்பவன் தரை தொடும்வரை காத்திருக்கும். நிஜத்திலும் அப்படி நடந்தது. 1999 ஜூன் 27, சான் பிரான்சிஸ்கோ எக்ஸ் கேம்ஸ். போட்டி நேரம் தீர்ந்த பிறகும் டோனி ஹாக் விழுந்து விழுந்து முயன்றார். யாரும் அவரை இறங்கச் சொல்லவில்லை. காற்றில் இரண்டரைச் சுற்று சுழன்று முதன்முதலாக '900' என்னும் வித்தையை அன்றுதான் செய்து முடித்தார். விழுபவனுக்கு இன்னொரு வாய்ப்புத் தரும் மனசு எனக்கு அந்தச் சாதனையைவிடப் பெரியதாகப் படுகிறது.

இப்போது செடெனாக்கில் சிமெண்டுக்குப் பஞ்சமில்லை. செம்பனை நின்ற இடத்தில் செடெனாக் தொழில்நுட்பப் பூங்கா. அங்கே ஒரு தரவு மைய வளாகம் மட்டுமே 150 மெகாவாட் மின்திறன் கொண்டது.  வழுவழுப்பான சாலைகள், அகலமான முற்றங்கள், எல்லாம் வேலிக்குள்.

வேலிக்கு வெளியே, தோட்டத்துப் பிள்ளைகள் நடந்தே வரும் தூரத்தில், ஒரு பூப்பந்துத் திடல் அளவுக்குச் சிமெண்டுத் தரை, மூன்று படி, ஒரு கைப்பிடிக் கம்பி போதும். பூங்காவை நடத்துபவர்களும் கூலாய் நகராண்மைக் கழகமும் இதைச் செய்து தரவேண்டும்.