காதுக்கு எட்டாத ஹிம்சை

யமங்களுள் முதலாவதாக அகிம்சை வைக்கப்பட்டுள்ளது. மனம், வாக்கு, காயம் ஆகிய மூன்றாலும் எந்த உயிருக்கும் தீங்கு இழைக்காதிருத்தல் என்று பெரியோர் அதற்குப் பொருள் கூறுவர். கொல்லாமையும், துன்புறுத்தாமையும், கடுஞ்சொல் கூறாமையும் இதில் அடங்கும் என்பது எளிதில் விளங்குகிறது. ஆனால் மனத்தில் சிறிதும் பகையின்றி, தன் கண்ணுக்குத் தெரியாமலும் காதுக்கு எட்டாமலும் மனிதன் செய்யும் தீங்கும் உண்டு. அதற்கு அவன் பொறுப்பாளி ஆவானா? கடலிலும் ஆற்றிலும் செல்லும் கப்பல்கள் நீருக்கடியில் எழுப்பும் இரைச்சல் இந்தக் கேள்வியை இன்று மனிதகுலத்தின் முன் வைத்துள்ளது.

செவியே கண்ணான உலகம்

கரையில் நிற்பவருக்குக் கடலின் ஆழம் நிசப்தமாகவே தோன்றும். பிரெஞ்சு ஆய்வாளர் ழாக் கூஸ்தோ 1956-ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற ஆவணப்படத்திற்கும் 'நிசப்த உலகம்' என்றே பெயர். உண்மை அதுவன்று. காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலி, நீரில் சுமார் 1,500 மீட்டர் செல்கிறது. சூரிய ஒளி சில நூறு மீட்டர் ஆழத்திற்குள் மங்கி மறைந்துவிட, ஒலியோ நெடுந்தூரம் பரவுகிறது. ஆகவே நீர்வாழ் உயிர்கள் பல, செவியையே கண்ணாகக் கொண்டு வாழ்கின்றன. இனத்தை அழைப்பதும், துணையைத் தேடுவதும், தாயும் குட்டியும் பிரியாதிருப்பதும், இரையைக் கண்டறிவதும் அவற்றுக்கு ஒலியாலேயே நிகழ்கின்றன.

இந்த உலகினுள் கப்பல் நுழைகிறது. அதன் உந்துவிசிறி வேகமாகச் சுழலும்போது, இதழ்களை ஒட்டிய நீரின் அழுத்தம் குறைந்து எண்ணற்ற குமிழிகள் தோன்றுகின்றன. தோன்றிய கணத்திலேயே அவை நசுங்கி உடைகின்றன. அப்போது எழும் ஓசையே கப்பல் இரைச்சலின் பெரும்பகுதி. எஞ்சினின் அதிர்வும் கப்பலின் உடல் வழியே நீரில் இறங்குகிறது. கலிபோர்னியக் கரைக்கு அப்பால் ஓரிடத்தில் 1960-களின் நடுவிலும், பின்னர் 2003-04-லும் அளவெடுத்து ஒப்பிட்டபோது, கடலின் தாழ்ந்த சுருதி ஓசை 10 முதல் 12 டெசிபல் வரை உயர்ந்திருந்தது. ஓசையின் ஆற்றல் பத்து மடங்கும் அதற்கு மேலும் பெருகிவிட்டது என்பது இதன் பொருள். திமிங்கலங்கள் தம்முள் பேசிக்கொள்வதும் இதே தாழ்ந்த சுருதியில்தான்.

எதிர்பாராத மௌனம்

இந்த இரைச்சல் உயிர்களை உண்மையிலேயே வருத்துகிறதா? இதற்கு விடை ஒரு துயர நிகழ்வின் வழியே கிடைத்தது. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் நடந்த தாக்குதலுக்குப் பின் சில நாட்கள் அங்குக் கப்பல் போக்குவரத்து வெகுவாகக் குறைந்தது. அப்போது கனடாவின் ஃபண்டி விரிகுடாவில், மிக அருகிவிட்ட வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலங்களை ஆய்வாளர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தனர். அந்த நாட்களில் நீருக்கடியில் ஓசை 6 டெசிபல் குறைந்தது, அதாவது அதன் ஆற்றல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காயிற்று. அதே காலத்தில் திமிங்கலங்களின் கழிவில், மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன்களும் குறைந்திருந்தன. 2012-இல் வெளியான இந்த ஆய்வு ஓர் உண்மையை உணர்த்தியது. அதுவரை அவற்றின் இயல்பு நிலை என்று கருதப்பட்டது உண்மையில் ஓயாத வேதனையாக இருந்திருக்கிறது. அவை முறையிடவும் இல்லை. முறையிட்டிருந்தாலும் மனிதச் செவிக்கு அது எட்டியிராது.

இருளில் நடப்பவன் காலடியில் எறும்பு நசுங்கினால் அவனைக் குற்றம் கூறுவார் இல்லை. விளக்கு ஏற்றப்பட்ட பின்னும் கீழே பாராமல் நடப்பவன் அந்த மன்னிப்பைக் கோர முடியாது. அறிவு வளரும்போது வசதி மட்டும் வளர்வதில்லை. கடமையும் உடன் வளர்கிறது. அறியாமல் செய்ததற்குப் பரிகாரம், அறிந்த பின் செய்யாதிருத்தலே.

கட்டாயமில்லாத கடமை

இத்தீங்கில் ஓர் ஆறுதலும் உண்டு. கடலில் கொட்டிய எண்ணெயும் பிளாஸ்டிக்கும் நெடுங்காலம் நின்று தீமை செய்யும். ஓசையோ, எழுப்புவதை நிறுத்திய கணமே மறைந்துவிடும். குமிழிகள் குறைவாகத் தோன்றும்படி உந்துவிசிறியை வடிவமைத்தல், அதனைப் பழுதின்றிச் சுத்தமாக வைத்திருத்தல், அதிர்வைத் தாங்கும் அமைப்பின் மேல் எஞ்சினைப் பொருத்துதல் எனப் பல வழிகள் உள்ளன. அனைத்திலும் எளியது, வேகத்தைக் குறைத்தல்.

சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2014-இல் இதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, 2023-இல் அவற்றைத் திருத்தியமைத்தது. இவை அறிவுரைகளேயன்றிக் கட்டாயச் சட்டங்கள் அல்ல. இருப்பினும், கனடாவின் வான்கூவர் துறைமுகம் 2017-இல் ஒரு முயற்சியை மேற்கொண்டது. ஓர்க்கா திமிங்கலங்கள் இரை தேடும் ஹாரோ நீரிணையில் கப்பல்கள் தாமாக முன்வந்து 11 நாட் வேகத்தில் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அங்கு வாழும் ஓர்க்காக் கூட்டத்தில் எஞ்சியிருப்பவை எண்பதுக்கும் குறைவு. எதிரொலியைக் கொண்டே அவை சால்மன் மீனைக் கண்டுபிடிக்கின்றன. மாலுமிகளுள் பெரும்பாலோர் வேண்டுகோளை ஏற்றனர். பயண நேரம் சற்றுக் கூடியது. நீரின் இரைச்சல் குறைந்தது. தண்டனைக்கு அஞ்சிச் செய்வதற்கும், பிற உயிரை எண்ணித் தானே செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

கங்கையின் பார்வையற்ற உயிர்

தொலைதூரக் கடல்களின் இந்தச் சிக்கல் பாரதத்தின் புனித நதியிலும் உள்ளது. கங்கை டால்பினின் கண்ணில் லென்ஸ் இல்லை. ஒளி உண்டா இல்லையா என்பதற்கு மேல் அது ஏதும் அறியாது. கலங்கிய நீரில் இடைவிடாது ஒலியெழுப்பி, திரும்பி வரும் எதிரொலியால் வழியையும் மீனையும் அறிகிறது. நீர்மட்டத்திற்கு வந்து மூச்சுவிடும்போது எழும் ஒலியைக் கொண்டே அதற்குச் 'சூசு' என்ற பெயர் ஏற்பட்டது என்பர். மாமன்னர் அசோகர் முடிசூடி இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் பொறித்த ஐந்தாம் தூண் சாசனம், கொல்லத்தகாத உயிர்களைப் பட்டியலிடுகிறது. அதில் காணும் 'கங்காபுபுடக' என்பது இந்த டால்பினே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். பீகாரில் லௌரியா நந்தன்கட் என்னுமிடத்தில் உள்ள தூணிலும் இச்சாசனம் உண்டு. அதே பீகாரில் சுல்தான்கஞ்ச் முதல் கஹல்காவ் வரையுள்ள கங்கைப் பகுதி 1991-இல் விக்ரமசீலா டால்பின் சரணாலயம் ஆயிற்று. 2009-இல் இது தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்டது. இந்திய நதிகளில் 6,327 டால்பின்கள் உள்ளதாக 2025-இல் வெளியான கணக்கெடுப்பு கூறுகிறது; இவற்றுள் மூன்று தவிர ஏனையவை கங்கை இனத்தவை.

இந்த நதியே தேசிய நீர்வழி எண் 1 ஆகவும் விளங்குகிறது. பிரயாகையிலிருந்து ஹால்தியா வரை அதன் நீளம் 1,620 கிலோமீட்டர். பீகாரில் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, படகுகளின் இரைச்சல் டால்பின்களின் ஒலியை மறைத்துவிடுவதையும், அவற்றின் உடல் படும் சிரமம் இரு மடங்குக்கும் மேலாவதையும் எடுத்துக்காட்டியது. கோடையில் நீர் வற்றும்போது துன்பம் மேலும் கடுமையாகிறது. குருட்டு உயிரின் கைத்தடியைப் பறிப்பதற்கு ஒப்பானது இது.

தேவையும் வேகமும்

இங்கு நியாயமான ஒரு மறுப்பு எழும். நீர்வழிப் போக்குவரத்து ஏழை நாட்டிற்கு நன்மை அன்றோ? ஒரே சுமையை லாரியில் கொண்டு செல்வதைவிடப் படகில் கொண்டு செல்ல எரிபொருள் குறைவு; புகையும் குறைவு. தானியமும் மருந்தும் கப்பலில்தான் வருகின்றன. மனிதர் பசியைவிட டால்பினின் செவி பெரிதா?

இம்மறுப்பைப் புறக்கணிப்பது நேர்மையாகாது. உயிர் வாழ்வதில் ஓரளவு ஹிம்சை தவிர்க்க இயலாதது என்பதைச் சான்றோரும் ஒப்புக்கொண்டனர். அதனாலேயே அவர்கள் தேவை எது, பேராசை எது என்று பிரித்தறியும் விவேகத்தை வலியுறுத்தினர். தானியம் வந்து சேர்வது தேவை. அது சில மணி நேரம் முன்னதாக வந்தாக வேண்டும் என்பது பல வேளைகளில் அவசரம் மட்டுமே. விக்ரமசீலா சரணாலயப் பகுதியில் சரக்குப் படகுகள் மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் வேகத்திலேயே செல்ல வேண்டும் என்று நீர்வழி ஆணையம் நெறி வகுத்துள்ளது. நடந்து செல்லும் யாத்திரிகனின் வேகம் அது. சுமையும் போய்ச் சேரும். சூசுவும் வழி தவறாது.

ஆனால் படகோட்டியிடம் மட்டும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு மற்றவர் விலகிவிட முடியாது. நதியில் நீர் ஆழமாக ஓடினால் இரைச்சலின் கொடுமை குறையும் என்பதும் அந்த ஆய்வின் முடிவே. எனவே நதியிலிருந்து அளவின்றி நீரை எடுப்போருக்கும் இதில் பங்கு உண்டு. வாங்கும் பொருள் மறுநாளே வாசலுக்கு வர வேண்டும் என்று விரும்புவோருக்கும் பங்கு உண்டு. காசியில் படகேறும் யாத்திரிகர் மோட்டார் படகைத் தவிர்த்துத் துடுப்புப் படகை நாடினால், அதுவும் கங்கைக்குச் செய்யும் ஒரு வழிபாடே.

சாதகன் மனத்தை அடக்குவதற்காக மௌனவிரதம் பூணுகிறான். அந்த மௌனத்தின் பயன் அவனோடு நின்றுவிட வேண்டியதில்லை. வாயற்ற ஓர் உயிர் தன் குட்டியின் குரலைக் கேட்பதற்காக மனிதன் தன் ஓசையைச் சற்றுத் தணித்துக்கொள்வானாயின், அகிம்சை அவனது காதுக்கு எட்டாத இடத்திலும் வேலை செய்யும். தான் காணாத உயிரிடமும் கருணை கொள்வதே அந்த விரதத்தின் நிறைவு.