எறிதலும் நாணுதலும்



உலகைக் காக்கும் அறங்கள் இரண்டு எனப் புத்தபெருமான் மொழிந்தருளினார். பாலி மொழியில் அவற்றை ஹிரி, ஒத்தப்பம் என்பர். தீச்செயலைச் செய்ய உள்ளம் நாணுதல் ஒன்று. அதன் விளைவுக்கு அஞ்சுதல் மற்றொன்று. காவலர் கண்ணும் நீதிமன்றத்தின் கையும் எட்டாத இடத்தில் மனிதனை மனிதனாக நிறுத்துவன இவ்விரண்டே. ஆயினும் நாணம் மருந்து போன்றது. நோயுள்ள இடத்தில் இடவேண்டியதை நோயற்ற இடத்தில் இட்டால் புண்ணாகும். நம் நாட்டில் குப்பையை எறிகிறவன் நாணுவதில்லை. அதை அள்ளுகிறவன் நாணுமாறு செய்யப்பட்டிருக்கிறான். இடம் மாறிக் கிடக்கும் இந்த நாணத்தை உரிய இடத்தில் வைப்பது எங்ஙனம் என்பதையே இன்று சிந்திப்போம்.

தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டை நம்மவருள் அறியாதார் இலர். மாநகரம் எறிந்த சீசா, வாளி, பொம்மை, உடைந்த நாற்காலி யாவும் மூட்டை மூட்டையாக அங்கே வந்து சேர்கின்றன. தட்டினால் எழும் ஓசையாலும் கொளுத்தினால் எழும் நாற்றத்தாலும் இன்ன பிளாஸ்டிக் என்று சொல்லிவிடும் தேர்ச்சி அங்குள்ள தொழிலாளருக்கு உண்டு. அவர்கள் நிறம் வேறு, வகை வேறு எனப் பிரிக்கிறார்கள், நொறுக்கிக் கழுவுகிறார்கள், கூரைமேல் உலர்த்துகிறார்கள், உருக்கி இழையாக இழுத்துச் சிறு மணிகளாக நறுக்குகிறார்கள். எறிந்த பொருள் மீண்டும் தொழிற்சாலைக்குச் செல்கிறது. நச்சுப் புகையை மூச்சாக இழுத்துக்கொண்டு, கையுறையும் முகக்கவசமுமின்றிப் பலர் இதனைச் செய்கின்றனர். இவர்களுக்கு மாநகரம் தரும் மரியாதை யாது? எறிந்தவருக்கு ‘ஐயா’, பொறுக்கியவருக்கு ‘அடேய்’.

அன்பர்களே, எறிதற்குரிய பொருள் உண்டு என்னும் நினைப்பும், எறிதற்குரிய மக்கள் உண்டு என்னும் நினைப்பும் ஒரே வேரில் முளைத்தவை. அள்ளுதற்கு ஒருவன் பிறந்திருக்கிறான் என்று நம்புகிறவனே கூசாமல் எறிகிறான். இராசகிருகத்தின் வீதிகளில் வாடிய பூக்களையும் குப்பையையும் அள்ளிவந்த சுநீதன் என்பானைத் ததாகதர் கண்டார். அவனோ கூசிச் சுவரோரம் ஒதுங்கிக் கைகூப்பி நின்றான். பெருமான் விலகிச் செல்லவில்லை. அவனைச் சங்கத்துள் அழைத்துக்கொண்டார். அவன் அருகதரான பின்பு தேவர்களும் வணங்கினர் எனத் திரிபிடகம் கூறுகிறது. சுநீதரின் நாணத்தை நீக்கியதே பெருமான் அவருக்குச் செய்த முதல் உபகாரமாகும்.

இனி, இந்நாளில் இந்தத் தவறான நாணத்தை ஊட்டுவது யார்? பண்டு புராணக் கதை செய்த வேலையை இன்று திரைப்படமும் விளம்பரமும் செய்கின்றன. தமிழ்நாட்டில் திருமண வீட்டாரும் துணிக்கடைக்காரரும் தந்த மஞ்சள் பை ஆண்டுக்கணக்கில் உழைத்தது. அதைக் கையில் பிடித்தவனைப் பட்டிக்காட்டான் என்று திரையில் காட்டிச் சிரிக்க வைத்தார்கள். உழைக்கும் பையைக் கொண்டவன் நாணினான். அரை நாழிகையில் எறியும் பையைக் கொண்டவன் நாகரிகனானான். 1980களில் கடலூரிலிருந்து எழுந்த ஷாம்புத் தொழிலொன்று சிறு பொட்டலத்தாலும் வானொலி விளம்பரத்தாலும் சிற்றூர்தோறும் பரவிற்று. ஏழைக்கு எட்டும் விலையில் ஒரு பொருள் கிடைத்தது நன்மையே. ஆயின் வெறும் பொட்டலம் எங்கே போகும் என்பதை எந்த விளம்பரமும் சொல்லவில்லை. பல அடுக்காக ஒட்டப்பட்ட அவ்வகை உறைக்குப் பழைய சாமான் சந்தையில் விலை கிடைப்பது அரிது. அது சாக்கடைக்கும் குப்பைமேட்டுக்குமே செல்கிறது.

நாணாதவர் அஞ்சவேண்டிய நாளும் வந்தது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு பெருகியது. வடிகால்களை அடைத்த பிளாஸ்டிக் பைகளும் வெள்ளத்துக்குக் காரணமெனப் பேசப்பட்டன. 1927 முதல் குப்பை குவிந்துவந்த தேவனாரில் 2016 ஜனவரியில் தீப்பற்றி, செம்பூர், கோவண்டி மக்கள் பல நாள் புகையில் மூச்சுத் திணறினர். எறிந்தது எங்கும் போய்விடவில்லை. மழையாகிய வழியிலும் புகையாகிய வழியிலும் திரும்பி வந்தது. பின்னர் 2018இல் மகாராஷ்டிர அரசும், 2022 ஜூலை 1 முதல் இந்திய அரசும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பல பொருள்களைத் தடை செய்தன. ஆயினும் அங்காடிகளில் மெல்லிய பைகள் மறைந்தபாடில்லை. சட்டம் கையைத் தடுக்கும். உள்ளத்தைத் திருப்புவது நல்வாய்மையேயாம்.

நல்வாய்மையை நாட்டில் பரப்பும் கருவி பத்திரிகை என்பதை நமக்குக் காட்டியவர் பண்டிதர் அயோத்திதாசர். 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இழிவு நம்முடையதன்று, இழிவுபடுத்தியவருடையது என்று வாரந்தோறும் எடுத்துரைத்தது. பாபாசாகேப் அம்பேத்கர் 1920இல் ‘மூக்நாயக்’ பத்திரிகையைத் தொடங்கியதும் வாயில்லாதவர்க்கு வாயாக இருக்கவே. நாணத்தை இடம் மாற்றி வைக்கும் இந்தக் கலை நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற சொத்து. அது குப்பையின் காரியத்திலும் பயன்படும் என்பதற்குச் சான்றுகள் உள. தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம், எள்ளப்பட்ட பையையே பெருமைக்குரிய சின்னமாக்கிற்று. நம் தாராவியில் குப்பை பொறுக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் எறிந்த பீப்பாய்களையும் பெயிண்ட் டப்பாக்களையும் வாத்தியங்களாக்கி, ‘தாராவி ராக்ஸ்’ என்னும் பெயரில் மேடையேறினர். கேட்டவர்கள் அப்பிள்ளைகளைப் பார்த்து இரக்கப்படவில்லை, கைதட்டினார்கள்.

இங்கே ஒரு வினா எழும். ‘1927இல் மகாடு மாநாட்டில் செத்த மாட்டிறைச்சியையும் பிறர் எறிந்த மிச்சிலையும் விடுங்கள் என்றார் பாபாசாகேப்; மீண்டும் எங்களைக் குப்பைக்கே அழைக்கிறீர்களா?’ என்று இளைஞர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. நாம் யாரையும் குப்பைமேட்டுக்கு அழைக்கவில்லை. எறிகிறவனையே அவன் எறிந்த பொருளின் முன் நிறுத்துகிறோம். 2016இன் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் வீட்டாரும் குப்பையைப் பிரிக்கவேண்டும், உறை செய்யும் கம்பெனியாரும் பொறுப்பேற்கவேண்டும் என்கின்றன. அந்தப் பாரம் அவரவர் தோளுக்குச் சென்றால், பிரிக்கும் தொழிலாளி கையுறையும் நியாயக் கூலியும் பெற்ற கைவினைஞன் ஆவான். அத்தொழில் எவருடைய பிறப்போடும் ஒட்டிக்கொண்டிராது.

பொருளை மதிப்பதில் நம் சமயத்துக்கு நெடிய மரபுண்டு. கோசாம்பி மன்னன் உதயணனின் தேவியர் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளை ஈந்தனர். ‘துறவிக்கு இத்தனை ஆடை எதற்கு?’ என்று மன்னன் வினவினான். கந்தல் உடுத்த பிக்குகளுக்குப் பகிர்வோம் என்றார் ஆனந்தர். பழைய ஆடைகள்? விரிப்பாகும். பழைய விரிப்பு? மெத்தையுறையாகும், பின் தரைவிரிப்பாகும், பின் கால்மிதியாகும், பின் தூசிதட்டும் துணியாகும். அதுவும் கிழிந்தால் மண்ணோடு பிசைந்து தரை மெழுகப்படும் என்று முடித்தார். மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு அளித்தான். பஞ்சாலையில் உழைத்த நமக்கு இக்கதை புதிதன்று. அங்கே கழிவுப் பஞ்சும் கணக்கில் ஏறும். மெத்தைக்கும் இயந்திரம் துடைக்கவும் போகும். எறிவதற்கென்றே ஒரு பொருளைச் செய்வது அவா. உழைக்கும் பொருளைச் செய்து இறுதிவரை பயன்கொள்வது நல்வாழ்க்கை.

ஆகையால் அன்பர்களே, இன்று ஒவ்வோர் இளைஞர் கையிலும் கைப்பேசியாகிய அச்சுக்கூடம் இருக்கிறது. வெளியாரின் காமிராக்கள் தாராவிக்கு வந்து பொறுக்குகிறவரின் முகத்தைப் பிடித்துச் செல்கின்றன. நீங்கள் அதனை மறுபக்கம் திருப்புங்கள். ஒரு பொட்டலம் கடையிலிருந்து தேவனார் சேரும் வழியைப் படமாகக் காட்டுங்கள். உறையின்மேல் அச்சிட்ட கம்பெனியின் பெயரைக் காட்டுங்கள். பிரித்தெடுக்கும் தொழிலாளியை அவர் இசைவு பெற்று, அவர் அறிவைச் சொல்லவைத்துக் காட்டுங்கள். மிகைபடக் கூறாதீர், ஒருவரையும் வைதுரையாதீர், பொய்யான படத்தைப் பகிராதீர். நான்காம் சீலம் கைப்பேசிக்கும் பொருந்தும்.

நம் வீட்டிலும் கண்ணாடி வேண்டும். டிசம்பர் 6ஆம் நாள் தாதர் சைத்தியபூமிக்குச் செல்வோர் தண்ணீர்ச் செம்பும் துணிப்பையும் கொண்டு செல்க. விகார விழாக்களில் கழுவி வைக்கும் தட்டில், அல்லது மாட்டுங்காச் சந்தையில் கிடைக்கும் வாழையிலையில் அன்னமிடுக. இவற்றைச் செய்துவிட்டுப் பிறருக்கு உரைத்தால் உரை நிற்கும்.

எறிகிற கை நாணட்டும். அள்ளுகிற கை நிமிரட்டும். எல்லா உயிர்களும் நலம் பெறுக!